நல்லது கெட்டது எல்லோருக்கும் பொது என்ற நம்பிக்கை காக்குமா, கெடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறம் என்பது மனிதர்களின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல, அது ஓர் உண்மை என்று நம்புகிறவர்கள் ஒரு பக்கம். அந்த நம்பிக்கைதான் மதப் போர்களிலிருந்து ஆணவக் கொலை வரை எல்லாக் கொடுமைக்கும் வேர் என்று சொல்கிறவர்கள் மறுபக்கம். இந்த விவாதம் பெரும்பாலும் பொதுப்படையாகவே சுற்றிச் சுற்றி வரும். அதனால் இங்கே அமெரிக்க அடிமை முறையின் வரலாற்றை நடுவில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அங்கே அடிமை முறையை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் 'அறம் எங்கள் பக்கம்' என்றார்கள். 'அவரவர் முடிவுக்கு விட்டுவிடுவோம்' என்ற மூன்றாவது தரப்பும் இருந்தது. மூன்றும் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன.

புறவயமான அறம் என்றால் சுருக்கமாக என்ன?

ஒரு செயல் தவறு என்றால், செய்கிறவருக்கும் அவருடைய ஊருக்கும் அந்நாட்டுச் சட்டத்துக்கும் அது சரியாகப் பட்டாலும் தவறுதான் என்ற கருத்து. ஒரு குழந்தையை வேடிக்கைக்காக வதைப்பது தவறு. உலகமே ஓட்டுப் போட்டு 'பரவாயில்லை' என்றாலும் தவறு. இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதைச் சார்புவாதம் என்கிறோம்: சரி, தவறு என்பவை ஒரு சமூகத்தின் அல்லது ஒரு மனிதரின் பார்வையைப் பொறுத்தவை, அதற்கு வெளியே நின்று அளக்க எந்த அளவுகோலும் இல்லை என்பது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: இந்த நம்பிக்கை தீங்கைத் தடுக்கிறதா, உண்டாக்குகிறதா?

இரண்டையும் செய்திருக்கிறது. ஆனால் 'இரண்டும்தான்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. என் முடிவு இது: 'அறத்தில் உண்மை என்று ஒன்று உண்டு' என்ற நம்பிக்கையோடு 'அதை நான் முழுசாகக் கண்டுவிட்டேன், இனி யார் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை' என்ற இன்னொரு நம்பிக்கை ஒட்டிக்கொள்ளும்போதுதான் அது கொல்கிறது. தராசு என்று ஒன்று உண்டு என்று நம்புவது வேறு. என் கையில் இருக்கும் படிக்கல் சரியான எடை என்று நம்புவது வேறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒன்றுக்கொன்று உதவுவதில்லை. உண்மை என் விருப்பத்தைப் பொறுத்ததல்ல என்றால், நான் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்பதும் கூடவே வருகிறது. என் கருத்தே அளவுகோல் என்று வைத்துக்கொண்டால்தான் என்னால் தவறவே முடியாமல் போகும்.

கெடுத்திருக்கிறது என்பதற்கு வலுவான சான்று எது?

ஃபிரெடரிக் டக்ளஸின் வாக்குமூலம். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி, பிறகு அமெரிக்காவின் மிகப்பெரிய பேச்சாளர்களில் ஒருவரானவர். தன் வாழ்க்கையைப் பற்றி 1845இல் எழுதியபோது, தன் எஜமானர் தாமஸ் ஆல்டைப் பற்றி ஒன்று சொல்கிறார். 1832 ஆகஸ்டில் ஆல்ட், மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் எழுப்புதல் கூட்டத்துக்குப் போய் மனம் திரும்பினார். இனி கொஞ்சம் இரக்கம் வரும், ஒருவேளை விடுதலைகூடக் கிடைக்கும் என்று டக்ளஸ் எதிர்பார்த்தார். நடந்தது நேர்மாறு. அதற்கு முன் தன் கொடுமைக்குத் தன் கெட்ட குணத்தை மட்டுமே நம்பியிருந்த ஆல்டுக்கு, இப்போது வேதத்தின் துணையும் கிடைத்துவிட்டது. கால் ஊனமான ஓர் இளம்பெண்ணைக் கட்டிவைத்து, முதுகில் ரத்தம் வர அடித்துக்கொண்டே வசனம் சொன்னார்: எஜமானின் விருப்பத்தை அறிந்தும் அதன்படி செய்யாத ஊழியன் அநேக அடிகள் படுவான் என்ற வசனம். தான் கண்ட அடிமை முதலாளிகளிலேயே பக்தியுள்ளவர்கள்தான் மிக மோசமானவர்கள் என்று டக்ளஸ் முடிவுக்கு வருகிறார்.

மனசாட்சியின் உறுத்தல்தான் கொடுமைக்குக் கடைசித் தடை. ஆல்டின் விஷயத்தில், தான் சரி என்ற உறுதி அந்த உறுத்தலையே அணைத்துவிட்டது. புறவய அறத்தை நம்புகிற யாரும் இந்தச் சாட்சியத்தைத் தாண்டிக் குதித்துப் போகக்கூடாது.

தனிமனிதர்களோடு இது நிற்கவுமில்லை. அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாக ஊழியம் செய்யலாமா என்ற சண்டையில் 1845இல் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பிளந்து, தெற்கத்திய பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பு உருவானது. அடிமை முறை ஒரு 'நன்மையே' என்று 1837இல் செனட்டில் ஜான் கால்ஹூன் வாதிட்டார். தென் மாநிலங்கள் பிரிந்து தனி அரசு அமைத்த 1861இல், அதன் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவானா நகரில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்ற 'மாபெரும் உண்மை'தான் தங்கள் அரசின் மூலைக்கல் என்றார். அதை இயற்கை உண்மை, தத்துவ உண்மை, அற உண்மை என்று மூன்று அடைமொழிகளோடு சொன்னார். 1860 கணக்கெடுப்பின்படி அந்த 'உண்மை'யின் கீழ் கிடந்தவர்கள் ஏறத்தாழ 39.5 லட்சம் பேர்.

சரி, அப்படியானால் அதை எதிர்த்தவர்கள் சார்புவாதிகளா?

ஒருவர்கூட இல்லை என்றே சொல்லலாம். எதிர்ப்பின் தொடக்கத்தைப் பாருங்கள். 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் குடியிருப்பில் நான்கு பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். உனக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்று விரும்புகிறாயோ அதையே பிறருக்குச் செய். இதில் தோலின் நிறத்துக்கு என்ன வேலை? மனிதரைத் திருடுகிறவனும் திருட்டு மனிதரை வாங்குகிறவனும் ஒன்றுதானே? இதுதான் மனுவின் சாரம். அன்றைய சட்டம் அடிமை முறையை ஏற்றது, வழக்கம் ஏற்றது, அவர்களுடைய குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையிலேயே பல செல்வந்தர்கள் அடிமைகள் வைத்திருந்தார்கள். வழக்கத்துக்கு மேலே ஓர் அளவுகோல் இருக்கிறது என்று நம்பாதவரால் அந்த மனுவை எழுதியிருக்கவே முடியாது.

மனு மேல் சபைகளுக்குப் போய் அங்கேயே தூங்கியது. குவேக்கர்களின் ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் அடிமை வைத்திருப்பதை உறுப்பினர்களுக்கு முழுக்கத் தடை செய்தது 1776இல். இடையில் 88 ஆண்டுகள். அந்த இடைவெளியில் நடந்த வேலையை நான் இந்த வரலாற்றிலேயே மிக அழகான பகுதி என்பேன். ஜான் வூல்மன் என்ற குவேக்கர், இளைஞராக ஒரு கடையில் வேலை பார்த்தபோது, முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்கும் பத்திரத்தை எழுதச் சொன்னார். வூல்மன் எழுதினார், ஆனால் இது தவறென்று தனக்குப் படுவதாக முதலாளியிடமும் வாங்குகிறவரிடமும் அங்கேயே சொன்னார். அடுத்த முறை இப்படி ஒரு பத்திரம் வந்தபோது எழுத மறுத்துவிட்டார். பிறகு பல ஆண்டுகள் வீடு வீடாகப் போய், அடிமை வைத்திருந்த சக குவேக்கர்களிடம் உட்கார்ந்து பேசினார். அவர்கள் வீட்டில் தங்கினால், தனக்கு வேலை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுக்காமல் கிளம்ப மாட்டார். அடிமை உழைப்பில் விளைந்த பொருள்களை விலக்கினார். சத்தம் போடவில்லை, ஆனால் இது தவறு என்ற இடத்திலிருந்து ஓர் அங்குலம்கூட நகரவில்லை. 1772இல் அவர் இறந்து நான்கு ஆண்டுகளில் அந்தத் தடை வந்தது.

ஃபிரெடரிக் டக்ளஸும் அப்படித்தான். பக்தியுள்ள எஜமானரால் அடிபட்டவர் 'ஆகவே அறமே பொய்' என்ற முடிவுக்குப் போகவில்லை. இவர்கள் அறத்துக்குத் துரோகம் செய்கிறார்கள் என்றார். துரோகம் என்று சொல்ல வேண்டுமானால் அறம் அவர்களுக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

'அவரவர் முடிவு' என்று விட்டிருந்தால் சண்டையே வந்திருக்காதே?

அதையும் செய்து பார்த்தார்கள். இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் (பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் முன்னவருக்கும் இவருக்கும் எந்த உறவும் இல்லை) 1854இல் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தைக் கொண்டுவந்தார். புதிய பகுதிகளில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்குள்ள குடியேறிகளே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாலும் தனக்கு அக்கறையில்லை என்று பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். கேட்க நியாயமாக, ஜனநாயகமாக, சகிப்புத்தன்மையோடு இருக்கும். ஆனால் யாருடைய வாழ்க்கையைப் பற்றி அந்த ஓட்டெடுப்போ, அவர்களுக்கு மட்டும் ஓட்டில்லை.

அமைதியும் வரவில்லை. ஓட்டு எண்ணிக்கையே முடிவு என்றானதும் இரு தரப்பும் ஆட்களையும் துப்பாக்கிகளையும் கான்சாஸுக்கு அனுப்பின. அடிமை முறை இருந்த பக்கத்து மாநிலமான மிசூரியிலிருந்து கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டி வந்து கள்ள ஓட்டுப் போட்டார்கள். 'ரத்தம் சிந்தும் கான்சாஸ்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அளவுகோலே இல்லை என்று சொல்லிவிட்டால் வலிமைதான் அளவுகோலாகிவிடுகிறது. பலவீனமானவருக்கு 'இது அநியாயம்' என்று சொல்வதைத் தவிர வேறு ஆயுதம் இருப்பதில்லை. சார்புவாதம் முதலில் பறிப்பது அதைத்தான்.

ஜான் பிரவுனை என்ன சொல்வீர்கள்? அவர் சரியான பக்கத்தில்தானே இருந்தார்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகக் கடினமான கேள்வி இது. ஜான் பிரவுன் அடிமை முறையை முழுமனதோடு வெறுத்தவர். கறுப்பர்களைச் சமமாக நடத்திய, அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட, அன்றைய வெள்ளையரில் அரிதான மனிதர். அவர் நம்பிய அறம் சரியானது. அதே மனிதர் 1856 மே மாதம் ஓர் இரவில், கான்சாஸின் பாட்டவாட்டமி ஓடைக்கரையில், அடிமை முறையை ஆதரித்த தரப்பினர் என்பதற்காக ஐந்து பேரை வீட்டிலிருந்து இழுத்துவந்து வாளால் வெட்டிக் கொல்ல ஏற்பாடு செய்தார். அந்த ஐவரில் ஒருவர்கூட அடிமை வைத்திருந்தவரில்லை. 1859 அக்டோபரில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைப் பிடித்து அடிமைக் கிளர்ச்சியைத் தொடங்கப் பார்த்தார். அந்தத் தாக்குதலில் முதலில் செத்தவர் ஹேவர்ட் ஷெப்பர்ட், ரயில் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு சுதந்திரக் கறுப்பர். திட்டம் தோற்கும் என்று ஃபிரெடரிக் டக்ளஸ் முன்பே சொல்லி, சேர மறுத்திருந்தார். பிரவுன் கேட்கவில்லை. டிசம்பர் 2ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்.

அவர் தியாகி என்பவர்களையும் கொலைகாரர் என்பவர்களையும் படித்திருக்கிறேன். இரண்டிலும் உண்மை இருக்கிறது. என் கண்ணுக்குப் படுவது ஒன்று: அடிமை முறை தீமை என்ற அறிவிலிருந்து 'ஆகவே இந்த ஐந்து பேர் இன்றிரவு சாக வேண்டும்' என்ற முடிவுக்குப் போகும் வழியில் எத்தனையோ கேள்விகள் இருக்கின்றன. இவர்கள் செய்தது என்ன? வேறு வழியில்லையா? இதை முடிவு செய்ய நான் யார்? முதல் அறிவின் உறுதி இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதிலாகிவிட்டது. சரியான அறமும் இப்படித்தான் தீங்காகிறது.

ஆனால் பிரவுனைக் காட்டி 'பார்த்தீர்களா, அறத்தை ரொம்ப நம்பினால் இப்படித்தான்' என்று சொல்கிறவர்கள், அதே ஆண்டுகளில் அக்கறையே இல்லாதவர்களின் மௌனத்தில் செத்தவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் கணக்குத்தான் பெரிது.

உறுதியும் வேண்டும், பணிவும் வேண்டும் என்கிறீர்கள். நடைமுறையில் அப்படி யாராவது இருந்தார்களா?

ஆபிரகாம் லிங்கன், அவருடைய குறைகளோடு. 'அடிமை முறை தவறில்லை என்றால் எதுவுமே தவறில்லை' என்று 1864இல் ஒரு கடிதத்தில் எழுதியவர். 1858இல் ஸ்டீபன் டக்ளஸோடு நடந்த விவாதங்களில், இது வெறும் மாநில உரிமைச் சண்டையல்ல, சரிக்கும் தவறுக்குமான சண்டை என்று நேருக்கு நேர் சொன்னார். அதே மனிதர் 1854இல் பியோரியாவில் தென்னவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் இடத்தில் நாம் இருந்திருந்தால் நாமும் அவர்களைப் போலத்தான் இருந்திருப்போம் என்கிறார். செயலைத் தவறு என்பதில் தளர்வே இல்லை. செய்தவரை அரக்கனாக்குவதும் இல்லை.

1865 மார்ச் 4ஆம் தேதி இரண்டாம் முறை பதவியேற்றபோது, பிரிந்துபோன தெற்குக்கும் வடக்குக்கும் நடந்த உள்நாட்டுப் போர் முடியப்போகும் நிலை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்திருந்தார்கள். வெற்றி பெறப்போகிற அதிபர் 'கடவுள் நம் பக்கம்' என்று முழங்க எல்லாக் காரணமும் இருந்தது. அவர் சொன்னது: இரு தரப்பும் ஒரே வேதத்தைப் படிக்கிறோம், ஒரே கடவுளை வேண்டுகிறோம், இருவர் வேண்டுதலும் முழுசாக நிறைவேறவில்லை. பிறர் நெற்றி வியர்வையிலிருந்து தன் அப்பத்தைப் பறிக்கக் கடவுளின் உதவி கேட்பது விசித்திரம்தான் என்று தென்னவரைக் குத்திவிட்டு, உடனே இந்தப் போரை வடக்கும் தெற்கும் சேர்ந்து செய்த குற்றத்துக்கான தண்டனையாகக் காட்டினார். கடைசியில், எது சரி என்பதைக் கடவுள் நமக்குக் காணக் கொடுத்த அளவுக்கு அதில் உறுதியாக நிற்போம் என்றார். காணக் கொடுத்த அளவுக்கு. அந்தச் சொற்களில் இருக்கும் கவனத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். 1858இல் இல்லினாயின் சார்ல்ஸ்டனில் பேசியபோது, இரு இனங்களும் சமூக, அரசியல் நிலையில் சமமாவதைத் தான் ஆதரிக்கவில்லை என்று கூட்டத்தின் முன் சொன்னவரும் இவரே. போரில் கறுப்பினப் படைவீரர்களைப் பார்த்து, ஃபிரெடரிக் டக்ளஸ் போன்றவர்கள் சொன்னதைக் கேட்டு மாறினார். 1865 ஏப்ரல் 11ஆம் தேதி, கறுப்பர்களில் ஒரு பகுதியினருக்காவது ஓட்டுரிமை வேண்டும் என்று பேசினார். கூட்டத்தில் நின்று அதைக் கேட்ட ஜான் வில்க்ஸ் பூத் மூன்று நாளில் அவரைச் சுட்டான்.

நாஜிகளும் தங்கள் அறத்தை உறுதியாக நம்பினார்களே?

நம்பினார்கள். 1943 அக்டோபர் 4ஆம் தேதி போசன் நகரில் நாஜிகளின் எஸ்எஸ் படைத் தளபதிகளிடம் அதன் தலைவர் ஹிம்லர் பேசியதில், யூத மக்களை அழிப்பது தங்கள் மக்களுக்குத் தாங்கள் ஆற்றும் கடமை, அதற்கான அற உரிமை தங்களுக்கு உண்டு என்று சொல்கிறார். பிணக் குவியல்களுக்கு நடுவிலும் 'கண்ணியமானவர்களாக' இருந்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறார். அறத்தின் மொழி அப்படியே இருக்கிறது.

ஆனால் உள்ளே இருக்கும் கோட்பாட்டைப் பாருங்கள். ஜெர்மன் மக்களுக்கு எது பயனோ அதுவே சட்டம் என்பதுதான் அவர்களுடைய சட்ட அறிஞர்கள் சொன்னது. எல்லா மனிதருக்கும் பொதுவான அறம் என்பதை அவர்கள் ஏளனம் செய்தார்கள். இது ஓர் இனத்துக்கு மட்டுமான அறம், அதாவது முழு மூர்க்கத்தோடு கடைப்பிடிக்கப்பட்ட ஒரு சார்புவாதம். இத்தாலியில் முசோலினி 1921இலேயே, எல்லாக் கொள்கைகளும் சம மதிப்புள்ள கற்பனைகள் என்றால் தன் கொள்கையை முழு வலுவோடு திணிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று சார்புவாதத்திலிருந்தே பாசிசத்துக்கு வாதம் கட்டினார். ஆகவே 'உறுதிதான் ஆபத்து, சார்புவாதம் பாதுகாப்பு' என்ற சூத்திரம் இங்கேயும் நிற்பதில்லை.

சார்புவாதம் பிற பண்பாடுகளை மதிக்கக் கற்றுத்தரவில்லையா?

தந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். காலனி அதிகாரிகளும் மிஷனரிகளும் 'நாகரிகம் தருகிறோம்' என்று பிற மக்களை மிதித்த காலத்தில், மானுடவியலாளர்கள்தான் நிறுத்தச் சொன்னார்கள். 1947இல் அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு, ஐ.நா. தயாரித்துக்கொண்டிருந்த மனித உரிமைப் பிரகடனம் மேற்கின் மதிப்பீடுகளை எல்லோர் மீதும் ஏற்றிவிடும் என்று எச்சரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. கவலை நியாயமானது.

பிரகடனம் 1948 டிசம்பர் 10ஆம் தேதி ஓட்டுக்கு வந்தது. 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் ஒன்று தென்னாப்பிரிக்கா. அதே ஆண்டில்தான் அங்கே இன ஒதுக்கலைக் கொள்கையாகக் கொண்ட கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. 'எங்கள் வழக்கம் எங்களுக்கு' என்ற வாதம் யாருக்கு வசதி என்று பாருங்கள். ஒரு பண்பாட்டின் பெயரால் பேசுகிறவர் பெரும்பாலும் அதில் மேலே இருப்பவர். இன்னொரு பக்கம், முதல் பிரிவில் 'ஆண்கள் எல்லோரும்' என்று படும்படி இருந்த ஆங்கிலச் சொல்லை 'மனிதர்கள் எல்லோரும்' என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. 'பொது அறம் மேற்கின் சரக்கு' என்பவர்கள் அவரை மறந்துவிடுகிறார்கள். மானுடவியல் சங்கமும் 1999இல் மனித உரிமைகளை ஆதரித்துத் தனிப் பிரகடனம் வெளியிட்டது.

பிற பண்பாட்டை மதிக்க வேண்டும் என்பதே எல்லோருக்கும் பொதுவான ஓர் அறக் கட்டளை. அதைச் சார்புவாதத்தின் மேல் நிறுத்த முடியாது.

நம் ஊரில் இந்த விவாதம் நடந்திருக்கிறதா?

திருநெல்வேலியில் தொடங்கி நாடு முழுக்க நடந்தது. 1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரில் பெரிய நிலநடுக்கம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீண்டாமை ஒழிப்புப் பயணமாக அப்போது தமிழ்நாட்டில் இருந்த காந்தி, ஜனவரி 24ஆம் தேதி திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்று தான் நம்புவதாகச் சொன்னார். தீண்டாமை பாவம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை; அந்த உறுதி சரியானது. ஆனால் அதிலிருந்து பீகாரின் இடிபாடுகளுக்குத் தாவிவிட்டார்.

பதில் சொன்னவர் தாகூர், தீண்டாமையைக் காந்தியைப் போலவே வெறுத்தவர். இயற்கைப் பேரழிவுக்கு இயற்கையான காரணங்கள்தான் உண்டு என்றார். அதைவிடக் கூர்மையாக இன்னொன்றும் சொன்னார்: இந்த வகை வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளுக்குத்தான் நன்றாகப் பொருந்தும், கடவுளின் கோபத்துக்குக் காந்தியும் அவருடைய சீடர்களும்தான் காரணம் என்று அவர்கள் சொல்லியிருந்தாலும் தனக்கு வியப்பிருக்காது என்றார். காந்தி தன் கருத்திலிருந்து நகரவில்லை. ஆனால் தாகூரின் மறுப்பைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுப் பதில் எழுதினார். உறுதியுள்ளவர் எதிர்க்குரலுக்குத் தன் இதழிலேயே இடம் கொடுப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

புறவய அறம் என்றால் விதிவிலக்கே இல்லாத கட்டளைகள்தானே?

இல்லை. இந்தக் குழப்பம்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். எந்தச் சூழலில் எது சரி என்பதற்கு உண்மையான விடை உண்டு என்றால் போதும். விடை எல்லாச் சூழலிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கொலைகாரன் வந்து உன் நண்பன் எங்கே என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட் எழுதினார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வள்ளுவர் 'பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்று சொல்லிவிட்டார். வள்ளுவரை யாரும் சார்புவாதி என்று சொல்ல மாட்டார்கள். தீமை இலாத சொல்லே வாய்மை என்ற அளவுகோலை வைத்துக்கொண்டுதான் விலக்கையும் சொல்கிறார்.

பிரான்ஸின் லெ ஷாம்போன் கிராமத்தார் இரண்டாம் உலகப் போரில் அப்படித்தான் செய்தார்கள். பாதிரியார் ஆந்த்ரே த்ரொக்மேயும் ஊராரும் யூத அகதிகளை வீடுகளில் ஒளித்து, பொய் அடையாள அட்டைகள் தயாரித்து, ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். பொய் சொல்வது அந்தப் பக்தர்களில் சிலரை உறுத்தியது; இருந்தும் சொன்னார்கள். 1990இல் இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேம் அந்த ஊரையே கௌரவித்தது.

உளவியல் ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இரு பக்கமும் பேசுகின்றன. குட்வின், டார்லி இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அறக் கருத்தை எவ்வளவுக்குப் புறவய உண்மையாக ஒருவர் எண்ணுகிறாரோ, அவ்வளவுக்கு அதில் மாறுபடுகிறவரோடு இணக்கமாக இருப்பது அவருக்குச் சிரமம் என்று தெரிந்தது. லிண்டா ஸ்கிட்காவின் ஆய்வுகளும் இதே திசைதான். யங், டர்வின் 2013இல் செய்த சோதனையில், அறத்தில் உண்மை உண்டு என்ற எண்ணத்தை லேசாகத் தூண்டும் கேள்வியைத் தெருவில் கேட்கப்பட்டவர்கள் தொண்டுக்குக் கூடுதலாகப் பணம் தந்தார்கள். சகிப்பைக் குறைக்கிறது, கொடையைக் கூட்டுகிறது. ஆனால் தெருவில் கேட்கும் ஒரு கேள்வியை வைத்து, கான்சாஸையும் போசனையும் விளக்கிவிட முடியாது. வரலாற்றைத்தான் நான் கூடுதலாக நம்புகிறேன்.

கடவுள் நம்பிக்கை இல்லாமல் இது முடியுமா?

முடியும். கடவுளை விட்டுவிட்டும் அறம் புறவயமானது என்று வாதிடும் தத்துவவாதிகள் ஏராளம். மனித உரிமைகளின் பட்டியலில் எதிரெதிர்க் கொள்கையினர் எப்படி ஒத்துப்போனார்கள் என்று கேட்டபோது, 'ஏன் என்று யாரும் கேட்காதவரை ஒத்துப்போகிறோம்' என்று சொல்லப்பட்டதாக பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் மரித்தேன் எழுதியிருக்கிறார்.

பலன் இருக்கட்டும். அது உண்மையா?

அது வேறு கேள்வி, பலனை வைத்து அதற்குப் பதில் சொல்லக்கூடாது. புறவய அறம் என்று ஒன்றுமில்லை, அப்படிப் பேசுவதே ஒரு பொதுப் பிழை என்று 1977இல் தத்துவவாதி ஜே. எல். மேக்கி வலுவாக வாதிட்டார். இன்றும் அதற்குப் பதில்கள் எழுதப்படுகின்றன. அடிமை முறை தவறு என்பது ஒரு கருத்து மட்டுமே என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஜெர்மன்டவுனின் நால்வர் ஒரு புது ரசனையை உருவாக்கினார்கள் என்பதைவிட, ஏற்கெனவே இருந்த ஒன்றைக் கண்டார்கள் என்பதே நடந்ததற்குப் பொருந்துகிறது.

என் உறுதி ஆபத்தாகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்பானியப் பாதிரியார் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் செய்ததைப் பாருங்கள். அமெரிக்கப் பழங்குடியினரை ஸ்பானியர் கொன்றதை எதிர்த்து வாழ்நாளில் பெரும்பகுதி போராடியவர். 1550இல் வயாதோலித் நகரில், அவர்கள் இயற்கையிலேயே அடிமைகள் என்ற செபுல்வேதாவை எதிர்த்து வாதிட்டவர். ஆனால் முன்பு 1516இல், பழங்குடியினரின் சுமையைக் குறைக்க வேறு அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னவரும் அவரே. அதன் தொடர்ச்சியாக ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவரும் யோசனையையும் ஆதரித்தார். ஆப்பிரிக்கர்கள் எப்படிப் பிடிக்கப்பட்டார்கள் என்று பின்னர் தெரிந்துகொண்டபோது, அதுவும் அதே அளவு அநியாயம் என்று தன் வரலாற்று நூலில் எழுதி வருந்தினார். அடிபடுகிறவர் சொல்வது அவர் காதில் விழுந்தது. ஆல்டின் வீட்டில் கட்டிவைத்து அடிக்கப்பட்ட பெண்ணின் அலறல் ஆல்டின் காதில் விழவில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்: என் அறத்தால் அடிபடுகிறவர் யார், அவரிடம் நான் கேட்டேனா?

மகளைக் கொன்றவரும் 'மானம்' என்றுதானே சொல்கிறார்? அவரிடம் எதைச் சொல்லிப் பேசுவது?

'உங்கள் நியாயம் உங்களுக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் கேட்க விரும்புவதே அதுதான். மானம் பெரிது என்பதை மறுக்க வேண்டிய அவசியமும் இல்லை. யாருடைய மானம் என்று கேளுங்கள். தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்த ஒரு பெண்ணின் மானம் அந்தக் கணக்கில் எங்கே என்று கேளுங்கள். அந்த மாப்பிள்ளை தங்கள் சாதியாக இருந்திருந்தால் அதே செயல் மானக்கேடாக இருந்திருக்குமா என்று கேளுங்கள். கொன்றவர் திருந்துவார் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிக்கும் சித்தப்பாவுக்கும் இது தவறு, எங்கே நடந்தாலும் தவறு என்று ஒருவராவது சத்தமாகச் சொல்லக் கேட்டாக வேண்டும். அடுத்த முறை அரிவாளை எடுக்கச் சொல்லப்போவது அவர்களைத்தான்.